நாமக்கோழிகளுக்கு எதிராக நான் வென்ற கதை

வாசகரே, இந்த வாரம் நீங்கள் வெறும் வாசகர் அல்லர், சாட்சி. என் பக்கம் நியாயம் சொல்ல உங்களை அழைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி பாருங்கள், சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள். ஊரே சிரித்த பிறகு உங்களிடம் மட்டும் எனக்கென்ன வெட்கம்?

ஊசுடு ஏரியை ஒட்டிய ஒரு சிற்றூர். அம்மன் கோயில் திடல். தை மாதப் பனி இறங்கத் தொடங்கிய முன்மாலை. வறுத்த வேர்க்கடலை மணமும், புதிதாக வேய்ந்த பந்தல் கீற்றின் பச்சை வாசமும். மேடையில், கழுத்தில் பொன்னாடையோடு, வெற்றிக் களிப்பில் நிற்கிறானே ஓர் இளைஞன், அவன்தான் அடியேன். சரிகை பிடரியைக் குத்திக்கொண்டிருந்தது. வெற்றியின் அடையாளம் என்று பொறுத்துக்கொண்டேன்.

பட்டிமன்றம் அப்போதுதான் முடிந்திருந்தது. நடுவர் என் அணிக்கே தீர்ப்பளித்திருந்தார். விசில் அடங்கவில்லை. கோயில் தர்மகர்த்தா வேணுகோபால் ஐயா மேடையேறி ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். எனக்குப் பாராட்டுரை என்று நினைத்து, தலையைச் சற்றே தாழ்த்தி, அடக்கத்துக்குரிய புன்னகையைத் தயார் செய்துகொண்டேன்.

"தீர்ப்பு வந்துடுச்சு. ஊரு ஒத்துக்கிட்ட பேச்சு, மாத்த முடியாது," என்றார் அவர். "வர்ற வெள்ளிக்கெழம சாமி ஏரிக்கரைக்கு வரும்போது வாணவேடிக்க உண்டு. டேய் குமரா, வாங்கியாந்து வெச்சிருக்கிறத எடுத்து வெயில்ல காய வைடா."

நான் சிரித்தேன். நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டவும் செய்தேன்.

முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி பின்னுக்குத் தள்ளப்பட்டது. வளர்மதி எழுந்து, என் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, திடலை விட்டு வெளியேறினாள்.

கைதட்டிக்கொண்டிருந்த என் கைகள் அந்தரத்தில் நின்றன.

கடலுக்கு மேலே ஒரு குரல்

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் பெருமைகள் மனப்பாடமாகியிருக்கும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கிச் சொல்கிறேன். சுருக்குவது எனக்கு இயல்பில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

புதுச்சேரி, சாரத்தில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் பிறந்தவன் நான். ஜெயசீலன் என்பது பெயர். மேடைகளில் அதற்கு முன்னே 'சொல்லருவி' சேர்ப்பார்கள். சேர்க்காவிட்டால் அறிவிப்பாளரின் காதில் நானே நினைவூட்டுவேன்.

பள்ளித் தமிழாசிரியர் எனக்கு இரண்டு பாடங்கள் கற்பித்தார். முதற்பாடம், குரல். ஒலிவாங்கியை நம்பாதே, கடலிடம் பேசிப் பழகு என்றார். பீச் ரோட்டில் அலை மோதும் கருங்கற்பாறைகளின் மேல் நின்று மாலைதோறும் முழங்கினேன். எங்கள் சொல்தா மாமா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்ற என் தாய்மாமன், எட்ட ஒரு விளக்குக் கம்பத்தடியில் நிற்பார். அலையைத் தாண்டி என் சொல் வந்தால் குடையைத் தூக்கிக் காட்டி, "அலோர், கேக்குதுடா!" என்று பிரெஞ்சு கலந்து கூவுவார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் எங்களிருவரையும் சுற்றிக்கொண்டு போவார்கள்.

இரைச்சலில் பேசிப் பழக ஒருநாள் பெரிய மார்க்கெட்டின் மீன் பகுதிக்கும் போனேன். தமிழின் தொன்மை பற்றி முழங்கி இரண்டு வாக்கியம் முடிவதற்குள், மீன் வெட்டிக்கொண்டிருந்த அம்மாள் கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: "தம்பி, வஞ்சிரம் ஏற்கெனவே செத்துப்போச்சு. எதுக்கு இவ்ளோ சத்தம்?"

இரண்டாவது பாடம்தான் ஆபத்தானது. 'பேச்சாளனுக்கு அணி என்பது சட்டை. எதைக் கொடுத்தாலும் உடுத்தத் தெரியவேண்டும்.' அதை வேதவாக்காகக் கொண்டேன். நகர வாழ்வே நன்று என்று பேசி ஒரு கோப்பை. அதே வாரத்தில் கிராம வாழ்வே நன்று என்று பேசி இன்னொரு கோப்பை. இரண்டும் எங்கள் வீட்டு ஷோகேசில், மாதா சுரூபத்துக்கு இடமும் வலமுமாக நிற்கின்றன. தூசி தட்டும் போதெல்லாம் அம்மா கேட்பார்: "எதுடா உண்மை?"

"இரண்டும் கோப்பைதானே அம்மா," என்பேன். அந்தப் பதிலின் அழகில் நானே மயங்கிப்போவேன்.

வளர்மதி சொல்ல வந்தது

வளர்மதி என் கல்லூரித் தோழி. நான் சட்டம், அவள் விலங்கியல். அவள் குடும்பம் அந்த ஏரிக்கரை ஊரில் வேளாண்மை செய்யும் குடும்பம். தர்மகர்த்தா வேணுகோபால் ஐயா அவளுக்குப் பெரியப்பா.

ஊசுடு ஏரி பறவைகளுக்கென ஒதுக்கப்பட்ட சரணாலயம். பனிக்காலத்தில் வடக்கே தொலைதூரத்திலிருந்து வாத்துகளும் உள்ளான்களும் வந்து இறங்கும். அந்த ஊர்க் கரையை ஒட்டி ஒரு மடுவு, அதாவது ஏரிநீர் ஒதுங்கித் தேங்கும் இடம், இருக்கிறது. அதில்தான் ஊசிவால் வாத்துகளும் நாமக்கோழிகளும் கூட்டமாகத் தங்கும். நாமக்கோழி என்பது கரிய நீர்ப்பறவை, நெற்றியில் வெள்ளை நாமம். அம்மன் கோயில் எல்லையில் நாமம் போட்டுக்கொண்டு இத்தனை பேரா என்று ஊரார் கேலி பேசுவதுண்டு.

சிக்கல் இதுதான். தை உற்சவத்தில் சாமி ஊர்வலம் அந்தக் கரை வரை வந்து திரும்பும். அந்த ஆண்டு இளைஞர் மன்றத்தார் கரையில் பெரிய வாணவேடிக்கை வைக்க முடிவு செய்திருந்தார்கள். சரணாலயத்தின் எல்லைக் கல் கரைக்கு அந்தப் பக்கம், கோயிலின் நிலம் இந்தப் பக்கம். கல்லுக்கு இப்பால் என்ன செய்வது என்பதை ஊர்தான் தீர்மானிக்க வேண்டும். ஊரோ பாதிக்குப் பாதி பிரிந்து நின்றது.

அப்போதுதான் வளர்மதி பெரியப்பாவிடம் ஒரு யோசனை சொன்னாள். உற்சவத்தில் எப்படியும் பட்டிமன்றம் உண்டு. தலைப்பை இதுவாகவே வைத்துவிடுவோம். நடுவர் சொல்வதற்கு இரு தரப்பும் கட்டுப்படட்டும். பெரியப்பா ஒப்புக்கொண்டார். ஊரும் ஒப்புக்கொண்டது.

அவளுக்கு ஏன் அத்தனை துணிச்சல்? என்னை நம்பினாள், வாசகரே. 'வாணம் வேண்டாம்' அணிக்குத் தலைமை தாங்க என்னை அழைத்திருந்தாள்.

தொலைபேசியில் இதையெல்லாம் சொல்லத்தான் முயன்றாள். "சீலா, இது சும்மா பட்டிமன்றம் இல்லடா, கொஞ்சம் கேளு..."

"எதுவாயினும் வெல்வேன்!" என்றேன்.

"அதில்ல, ஊர்ல என்னா பேசி வெச்சிருக்காங்கன்னா..."

"தலைப்பு மட்டும் சொல், வளர்மதி. மற்றவை மேடையில்."

அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். என் தன்னம்பிக்கையை வியக்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

ஒரு மாபெரும் தியாகம்

அன்று மாலை நான் திடலில் இறங்கியபோது நடுவர் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். 'வாணம் வேண்டும்' அணியின் தலைவர் காய்ச்சலில் படுத்துவிட்டாராம். அந்த அணியில் எஞ்சியிருந்த இருவரும் முதல்முறை மேடையேறுபவர்கள். எங்கள் பக்கமோ நான் உட்பட மூவர்.

"அந்த அணியில தலைக்கு ஆளில்லீங்களே," என்றார் நடுவர். "உங்கள்ல யாராச்சும் அந்தப் பக்கம் வர முடியுமா?"

வரலாறு என்னை அழைப்பதாக உணர்ந்தேன். எளிய பக்கத்தில் நின்று வெல்வது எவருக்கும் இயலும். நலிந்த அணியைத் தோளில் தூக்கி வெல்பவனுக்கன்றோ வீரம்! மெல்ல எழுந்தேன். ஒலிவாங்கியில், "எந்த அணியாயினும் எனக்குச் சமமே," என்று அறிவித்துவிட்டு, மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, கூட்டம் பார்க்க வேண்டுமென்றே நிதானமாக நடந்தேன்.

முன்வரிசையில் வளர்மதி தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டிருந்தாள். வேகமாக. இரு கைகளையும் கூடச் சேர்த்து ஆட்டினாள்.

என் பெருந்தன்மையைக் கண்டு அவளால் நம்ப முடியவில்லை என்று நினைத்து, அவளுக்கொரு புன்னகை அனுப்பினேன்.

தாலாட்டு

அன்றைய பேச்சை இன்று நினைத்தாலும் உடல் கூசுகிறது. கூச்சத்தின் ஊடே ஒரு மூலையில், 'என்னமாய்ப் பேசினாய்!' என்று ஒரு குரல் கேட்பதையும் மறைக்க விரும்பவில்லை.

"வானத்துக்கு எல்லைக் கல் நட்டவர் யார்?" என்று தொடங்கினேன். விசில்.

"இமயத்தின் இடியைக் கேட்டுக்கொண்டே கடந்து வந்த பறவைக்கு எங்கள் ஊர் வாணமா அச்சம் தரும்? அந்த இடிக்கு முன்னால் இந்த வெடி தாலாட்டு! ஆம், தாலாட்டு!" பந்தல் அதிர்ந்தது.

"நெடுந்தொலைவு வந்த விருந்தினரை வெடி வைத்து வரவேற்பதன்றோ நம் ஊர்த் திருமண மரபு? பறவைகளுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதையை மறுக்கிறீர்கள்?"

இளைஞர் மன்றத் தலைவன் குமரன் நாற்காலியின் மேல் ஏறி நின்று துண்டைச் சுழற்றினான். எதிரணியில் மிஞ்சியிருந்த இருவர் பாவம், குறிப்புகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததை நீங்கள் முதலிலேயே பார்த்துவிட்டீர்கள்.

கரையில் ஒரு காலை

அன்றிரவு வளர்மதி என் அழைப்பை எடுக்கவில்லை. மறுநாள் காலை பத்துக்கண்ணு செல்லும் பேருந்தில் ஏறி, அவள் ஊர்க் கரையில் போய் இறங்கினேன். அவள் அங்கே இருப்பாள் என்று தெரியும். பனிக்காலம் முழுக்க அவள் காலைகள் அங்கேதான்.

வழியெல்லாம் மன்னிப்புரை ஒன்றைச் செதுக்கி வைத்திருந்தேன். முன்னுரை, மூன்று உட்பிரிவு, முடிவுரை.

"வளர்மதி! நெஞ்சறிந்து..."

"வாய மூடு."

அவள் சத்தமாகச் சொல்லவில்லை. கழுத்தில் தொங்கிய தொலைநோக்கியைக் கழற்றி என் கையில் திணித்தாள். "அங்க பாரு. நாணல் ஓரமா."

முதலில் என் கண்ணிமைதான் தெரிந்தது. பிறகு நீர். பிறகு நீரின் மேல் கரிய புள்ளிகள், ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெண்ணிற நாமம். அவற்றுக்கு இடையே கூரிய வாலும் காப்பி நிறத் தலையும் கொண்ட வாத்துகள், அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு, ஒன்றுமே நடக்காத உலகில் மிதப்பது போல் மிதந்தன. சேற்று வாசமும் பாசி வாசமும் கலந்து வந்தன. எங்கோ ஒரு நாமக்கோழி தகரத்தைத் தட்டியது போல் 'டிக்' என்றது.

"தூங்குதா?" என்றேன், மிகத் தாழ்ந்த குரலில். என் குரல் அத்தனை தாழ்ந்து கேட்டது எனக்கே புதிது.

"ரெஸ்ட் எடுக்குது. இங்க தின்னு, உடம்ப தேத்தி, மாசி பங்குனியில திரும்பப் போவணும். அவ்ளோ தூரம்." அவள் ஏரியைப் பார்த்தபடியே பேசினாள். "முன்ன ஒருவாட்டி ஒரு கல்யாணத்துல இந்தப் பக்கமா வெடி வெச்சாங்க. மொத்தக் கூட்டமும் இருட்டுல எழுந்துச்சு. எங்க போறதுன்னே தெரியல அதுங்களுக்கு. கரண்டு கம்பியில மோதி விழுந்துச்சு. காலையில அப்பாவும் நானும் வயல்ல பொறுக்கினோம். மீதி இருந்தது அந்த சீசன் பூரா திரும்பவே இல்ல."

நான் தொலைநோக்கியை இறக்கவில்லை. இறக்கினால் அவளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"நம்ம சீலா பேசுனா ஊரு கேக்கும்னு நான்தான் பெரியப்பா கிட்ட அடிச்சுச் சொன்னேன்," என்றாள். "கேட்டுச்சு பாரு."

வெள்ளிக்கிழமைக்குள் தீர்ப்பை மாற்றியாக வேண்டும். இல்லையேல் மடுவு காலியாகும். அதற்குப் பிறகு அந்த ஊரில் வளர்மதியின் பேச்சுக்கு மதிப்பும் இராது.

நான் சந்தித்த எதிரி

உடனே களத்தில் இறங்கினேன். நான் சொன்னால் ஊர் கேட்கும் என்பதுதான் நேற்றே நிரூபணமாகிவிட்டதே!

முதலில் டீக்கடை. பறவைகள் வெடிக்கு அஞ்சும் என்று விளக்கத் தொடங்கினேன். டீக்கடைக்காரர் கிளாசை நீட்டிக்கொண்டே, "அது அவங்களுக்குத் தாலாட்டு தம்பி," என்றார்.

"யார் சொன்னது?"

"நீங்கதான்."

பெஞ்சில் இருந்தவர் ஒருவர் சேர்ந்துகொண்டார்: "நேத்து நைட்டு என் பையன் தூங்கல. தாலாட்டு வேணுமாடா, ஒரு வெடி போடட்டுமான்னு கேட்டேன். தூங்கிட்டான்."

எல்லைகளை மதிக்க வேண்டும் என்று இன்னொருவரிடம் தொடங்கினேன். "வானத்துக்கு எல்லைக் கல்லு நட்டவன் யாரு?" என்று கையை உயர்த்திக் கேட்டார், என்னைப் போலவே கட்டைவிரலை மடக்கிக்கொண்டு. அந்தச் சைகை எனக்கே சொந்தமென்று அதுவரை நினைத்திருந்தேன்.

நான் பேசிய வாதங்களுக்கு எதிர்வாதம் தேடினேன். கிடைக்கவில்லை. இதில் துயரம் பாதி, பெருமிதம் பாதி என்றால் நம்புவீர்களா? அவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தேன்.

கடைசியாக தர்மகர்த்தாவிடம் போனேன். கோயில் மடைப்பள்ளி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மேல்முறையீட்டுக்கு வழியுண்டா என்று கேட்டேன்.

"நீங்க வக்கீலுக்குப் படிக்கிற புள்ளதானே?" என்றார். "தோத்தவன்தான் அப்பீலு போவான். ஜெயிச்சவன் போனா எந்தக் கோர்ட்டுல எடுப்பான்?"

"ஐயா, நான் பேசியது தவறு. மேடைக்காகப் பேசினேன்."

"நாங்க மேடைக்காகக் கேக்கலையே தம்பி."

வாதமே இல்லாத வாக்கியம்.

வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். "வளர்மதி காலையிலேருந்து எங்கிட்ட பேச மாட்டேங்குது. எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஒண்ணு பண்ணு. வியாழக்கெழம சாயங்காலம் கூத்து. கூத்துக்காரங்க அரிதாரம் பூசி முடிக்கிற வரைக்கும் மேட சும்மாதான் கெடக்கும். ஏறி, ஊரு முன்னால நீயே உன்னத் தோக்கடி. ஊரு ஒத்துக்கிட்டா நானும் ஒத்துக்கறேன்."

அரிதாரம் காயும் நேரம்

வியாழன் மாலை. தெருக்கூத்துக்குப் பாய் விரித்து இடம் பிடித்திருந்த கூட்டம், என்னைக் கண்டதும் முதலில் கைதட்டியது. நான் பேசத் தொடங்கியதும் நிறுத்திக்கொண்டது.

"அன்று நான் உரைத்தது..." என்றேன்.

குமரன் முன்னால் வந்தான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்ப்பவன். அன்று ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்திருந்தான். கையிலிருந்த செல்போனை ஒலிவாங்கியின் அருகே பிடித்தான். ஒலிபெருக்கிகள் முழங்கின: 'அந்த இடிக்கு முன்னால் இந்த வெடி தாலாட்டு! ஆம், தாலாட்டு!'

கூட்டம் விசிலடித்தது. அன்று கிடைத்ததைவிடப் பெரிய விசில்.

"தாலாட்டு அன்று, அது..." என்றேன். மீண்டும் செல்போன்: 'பறவைகளுக்கு மட்டும் ஏன் அந்த மரியாதையை மறுக்கிறீர்கள்?'

"பதில் சொல்லுங்க பேச்சாளரே! அவரு கேக்குறாரு இல்ல?" என்றான் குமரன்.

வாசகரே, நீங்கள் சாட்சி. நான் திணறினேன். அலைகளை வென்ற குரல், அரை விரற்கடை தடிமன் கருவியிலிருந்து வந்த என்னுடைய குரலிடமே தோற்றுக்கொண்டிருந்தது. பாயில் இருந்த ஒரு மூதாட்டி, "இவனா நல்லா பேசுறான்? போன்ல இருக்கிற புள்ளதான் நல்லா பேசுது," என்று பக்கத்தில் இருந்தவரிடம் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

வேறு வழியின்றி, செதுக்கி வைத்ததை எல்லாம் விட்டேன். வளர்மதி கரையில் சொன்னதை அப்படியே சொன்னேன். கல்யாண வெடி, கரண்டுக் கம்பி, வயலில் பொறுக்கியது. "நான் பாத்தேங்க, அதுங்க தூங்கிட்டிருக்கு," என்றேன்.

விசில் இல்லை. கைதட்டலும் இல்லை. வயலில் பறவை பொறுக்கியது கூட்டத்தில் சிலருக்கு நினைவிருந்தது போலும். யாரோ, "ஆமா, மெய்தான்," என்றார்.

குமரன் செல்போனை இறக்கினான். முதன்முறையாக அவனும் சண்டைக்குரலை விட்டுப் பேசினான். "எனக்கு மட்டும் அதுங்கள வெரட்டணும்னு ஆசையா ப்ரோ? போன வருஷம் சாமி கரைக்கு வந்து போனதே பக்கத்து ஊருல ஒருத்தனுக்கும் தெரியல. 'உங்க அம்மன் பூன மாதிரி வந்துட்டுப் போவுதா'ன்னு கம்பெனியில சிரிக்கிறானுங்க. சாமி வருதுன்னு ஊருக்குத் தெரிய வேணாமா? வாணம் வேணாம்னா, யாரு சொல்லுவா? நீ கத்துவியா?"

"கத்துறேன்," என்றேன்.

சாரத்துத் தெருத்தமிழ் அப்படியே வாயில் வந்தது. ஒரு மேடையில் அதைப் பேசியது அன்றுதான் முதன்முறை.

"கோயில்லேருந்து கரை வரைக்குமா?"

"வரைக்கும்."

"மைக் இல்லாம?"

"இல்லாம."

பின்திரை விலகியது. பாதி முகத்துக்கு மட்டும் அரிதாரம் பூசியிருந்த கட்டியக்காரன் தலையை நீட்டினான். கூத்தில் ராஜா வருமுன் முழங்கி அறிவிப்பதும், இடையிடையே கோமாளித்தனம் செய்வதும் அவன் பங்கு. "அய்யய்யோ, அது எம் பொழப்பாச்சே!" என்று அலறினான்.

திடலே சிரித்தது. தர்மகர்த்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரிப்பு அடங்குமுன் குமரன் நிபந்தனை போட்டான். "இந்த வருஷம் விட்டுடறேன். ஆனா பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கேக்கணும். நம்ம பசங்க அங்க நிப்பானுங்க. கேக்கலன்னா வாங்குன வாணத்த அடுத்த வருஷம் கரையிலயே விடுவோம், யாரும் பேசக் கூடாது. கேட்டுச்சுன்னா, சத்தம் போடறத கடையிலயே திருப்பிக் குடுத்துடறேன். பூச்சட்டியும் மத்தாப்பும் கோயில் வாசலோட நிக்கட்டும்."

"ஊருக்குச் சம்மதமா?" என்று கேட்டார் தர்மகர்த்தா. சம்மதம் என்றது ஊர். கூத்து சீக்கிரம் தொடங்க வேண்டுமென்ற அவசரமும் அதில் இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை

கட்டியக்காரன் தன் கூம்புக் குல்லாவை எனக்கு இரவல் தந்தான். "தொழிலுக்கு வந்துட்ட, குல்லா இல்லாம வரக் கூடாது," என்றான். பொன்னாடை குத்திய இடத்தில் குல்லாவின் கயிறு குத்தியது.

வெயில் தாழும் நேரத்தில் சாமி புறப்பட்டது. பம்பையும் உடுக்கையும் முழங்க, தோளில் அம்மனைச் சுமந்தவர்கள் பின்னே வர, முன்னே நான். "பராக்! பராக்! தாய் வருகிறாள், தள்ளி நில்லுங்கள்!" என்று தொடங்கினேன். சொல்லருவியின் அலங்காரமெல்லாம் முதல் தெரு முனையிலேயே தீர்ந்துபோயிற்று. இரண்டாவது தெருவில், "ஆத்தா வர்றாடோய்!" என்பதே மிஞ்சியது. அதற்குத்தான் கதவுகள் திறந்தன.

தெருக் கடைசியில் ஒரு மாட்டுக்கொட்டகை அருகே குமரனின் செல்போன் ஒலித்தது. ஊர்வலத்தோடு நடந்தபடியே கேட்டான். முகத்தைச் சுளித்தான்.

"கேக்குதாம்," என்றான். "கண்டக்டரு வண்டிய நிறுத்தி, யாரு செத்தாங்கன்னு கேட்டானாம்."

சொல்தா மாமாவின் குடை என் மனக்கண்ணில் உயர்ந்தது. கடலிடம் பேசிய மாலைகள் இதற்குத்தான் போலும்.

கரையின் சரிவு வந்ததும் வளர்மதி என் பக்கத்தில் வந்து சேர்ந்தாள். "இதோட நிறுத்து," என்றாள்.

"பம்பை அடிக்கிறார்களே?"

"பம்பைக்கு அதுங்க எப்பவோ பழகிடுச்சுங்க. உனக்குப் பழகல."

வாயை மூடிக்கொண்டேன். குல்லாவையும் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன். சாமி கரையேறி நின்றது. கற்பூரம் காட்டினார்கள். மடுவில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. கரிய புள்ளிகள் நீரில் அப்படியே இருந்தன. கரையோரமிருந்த சில மட்டும் தலையைத் தூக்கி, எங்களை ஒருமுறை பார்த்து, நாணல் பக்கமாகச் சற்றே நகர்ந்துகொண்டன. அவ்வளவுதான். ஒன்றுகூட எழவில்லை.

எனக்கு ஓர் அருமையான உவமை தோன்றியது. விழுங்கிவிட்டேன்.

பின்னால் குமரன், "நெத்தியில நாமம் தெரியுதுடா," என்று யாரிடமோ கிசுகிசுத்தது கேட்டது.

அதற்குப் பிறகு

மறுநாள் எனக்குக் குரல் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வாசகம் வாசிக்கும் முறை என்னுடையது. சைகையால் மறுத்தேன். அம்மாவுக்கு எப்படியோ செய்தி வந்திருந்தது. "நம்ம கோயில்ல ஒரு பக்கம் வாசிக்க வாயில்ல, அம்மன் கோயில்ல ஊர் பூரா கத்திட்டு வந்திருக்கியா?" என்று கேட்டார். மிளகுப் பால் கொடுத்துவிட்டுத்தான் கேட்டார். பிறகு மெல்லிய குரலில், "எதுடா உண்மை?" என்றார், வழக்கம்போல ஷோகேசைத் துடைத்தபடி.

அதற்குப் பதில் சொல்லக் குரல் இல்லாமற் போனது என் அதிர்ஷ்டம். ஏனெனில் பதிலை நான் வெள்ளிக்கிழமை மாலையே, வேறோர் இடத்தில், எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டிருந்தேன்.

சாமி கரையிலிருந்து இறங்கி, கோயில் வாசலில் பூச்சட்டிகள் எரிந்து தணிந்த நேரம் அது. தர்மகர்த்தா என் கையில் பொங்கலும் தேங்காய் மூடியும் வைத்தார். "இந்த வருஷம் தப்பிச்சோம். அடுத்த வருஷம்?" என்றார்.

குமரன் என்னைப் பார்த்தான். வளர்மதி என்னைப் பார்க்காமல், நான் என்ன சொல்கிறேன் என்று கேட்க மட்டும் நின்றாள்.

"சொல்லு ப்ரோ. சத்தமா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி," என்றான் குமரன்.

மிச்சமிருந்த குரலைத் திரட்டினேன். அது குரலாக இல்லை, தகரத்தைத் தேய்ப்பது போலிருந்தது. ஆனாலும் பந்தலின் கடைசி வரை கேட்டது என்று பிற்பாடு சொன்னார்கள்.

"வர்றேன். வருஷா வருஷம் தை மாசம் வந்து கோயில் வாசல்லேருந்து கத்துறேன். கர ஏறிட்டா வாயத் தொறக்க மாட்டேன். அப்புறம், இனிமே எந்தப் பக்கம் ஆளு கொறஞ்சாலும், எவ்ளோ பெரிய மேடையா இருந்தாலும், உக்காந்த எடத்த விட்டு எழுந்திரிக்க மாட்டேன்."